கீழே போய்க் காட்டிட்டு வந்துட்டா போதுமா?

கோத்தகிரியில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் இரண்டாம் நாளே வந்துவிடும் கேள்வி, "கீழே காட்டினீங்களா?" கீழே என்றால் கோயம்புத்தூர். சிறுநீரகக் கல்லுக்கு அது நல்ல யோசனைதான். என் தங்கைக்கும் அதையே செய்தோம். முப்பதைத் தாண்டியவள், வேலைக்குப் போகிறவள், மனசு தாங்காதபோதெல்லாம் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பதினாறு வயதிலிருந்தே இருந்தது. வாடகைக் கார் பிடித்து இறங்கி, பெரிய மருத்துவமனையில் அரை நாள் காத்திருந்து, பத்து நிமிடம் டாக்டரைப் பார்த்து, இருட்டுவதற்குள் மலையேறிவிடுவோம். பலன் இல்லை என்றதும் அதைவிடப் பெரிய மருத்துவமனை. நான்கு வருடம் இப்படியே போனது. (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். படித்துவிட்டு மூன்று வரிகளை அடித்தும் கொடுத்தாள்.)

நாங்கள் தேடியது மாத்திரை. இந்தப் பழக்கத்தை மட்டும் நிறுத்த என்று தனி மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மருந்து உதவும். கொடுத்ததை நாமாக நிறுத்தவும் கூடாது. ஆனால் காயப்படுத்திக்கொள்வதைக் குறைப்பது பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சைகள்தான். அவற்றில் நிறைய ஆராயப்பட்டது டிபிடி எனப்படும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது. அவருடைய முதல் ஒப்பீட்டு ஆய்வு 1991இல் வெளிவந்தது. தானும் இளம் வயதில் இதே துன்பத்தோடு மருத்துவமனையில் கிடந்தவள் என்று 2011இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் செய்தியை என் தங்கை இரண்டு தடவை வாசித்தாள்.

முறையான டிபிடியில் வாரம் ஒரு தனி அமர்வு, வாரம் ஒரு குழு வகுப்பு, நெருக்கடி நேரத்தில் தொலைபேசி உதவி எல்லாம் உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் என்று போகும். பொங்கி வரும் அந்த நேரத்தை எப்படித் தாண்டுவது, கோபத்தையும் அவமானத்தையும் பிரித்தறிவது, வேண்டாததற்கு முடியாது என்று சொல்வது எல்லாவற்றையும் பாடம்போல் பழக்குவார்கள்.

வாரா வாரம் என்பதில்தான் மலைக்காரர்களுக்குச் சிக்கல். 2009 நவம்பர் நிலச்சரிவு மாதிரி பெரிதாக மலை இடியாவிட்டாலும், ஐப்பசி கார்த்திகையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மரமாவது குறுக்கே விழும். இரண்டு வாரம் விட்டுப்போனால் மூன்றாவது வாரம் போக மனசு வராது. அதனால் மருத்துவமனை எவ்வளவு பெரியது என்று விசாரிப்பதைவிட, இருபதாவது வாரமும் இதே ஆள் இருப்பாரா, ரோடு அடைத்தால் வீடியோவில் பார்ப்பாரா என்று கேட்டிருக்க வேண்டும். மருத்துவர்கள் தொலைவிலிருந்து பார்ப்பதற்கான விதிமுறை 2020லேயே வந்துவிட்டது. நேரில் மாதம் ஒருமுறை, மற்றபடி வீடியோ என்று பேசி வைத்துக்கொள்ளலாம்.

அதற்காக 'கவுன்சிலிங்' என்று போர்டு மாட்டியவரிடமெல்லாம் போகக் கூடாது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டிபிடி செய்கிறோம் என்பவரிடம், குழு வகுப்பு உண்டா, எங்கே பயிற்சி பெற்றீர்கள், நடுவில் ஒருநாள் மறுபடி காயப்படுத்திக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலில் ஆள் தெரிந்துவிடும். "இனிமேல் செய்தால் என்னிடம் வராதே" என்றார் ஒருவர். வரக் காரணமே அதுதானே ஐயா!

அம்மா அவளிடம் கோவிலில் சத்தியம் வாங்கினார். பெரியம்மா, ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்றார். நான் அவள் அறையைச் சோதித்தேன். மூன்றிலும் ஒரே விளைவு: அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். வீட்டில் மருந்துகளை ஒருவர் பொறுப்பில் வைப்பது வேறு விஷயம். அதை அவளிடம் சொல்லியே செய்யலாம், செய்யவும் வேண்டும்.

இன்னொன்று, வயது வந்தவர் என்பதையே மறந்துவிடுவது. டாக்டரிடம் நாங்களே பேசினோம், அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். எந்தச் சிகிச்சை என்று தேர்ந்தெடுப்பது அவள் உரிமை. தனக்காகப் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளவும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. "மூணு மாசம் எங்ககிட்ட விடுங்க, மாத்தித் தர்றோம்" என்று கட்டி இழுத்துப்போகும் இல்லங்களை நம்ப வேண்டாம். மனநல நிலையம் எதுவானாலும் அந்தச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும்.

போலீஸ் பயமும் பலரைத் தடுக்கிறது. காயத்துக்குக் கட்டுப்போடப் போன இடத்தில் "வழுக்கி விழுந்துட்டா" என்று சொன்னது நான்தான். தற்கொலைக்கு முயன்றவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பலருக்குச் சாகும் எண்ணம் இருப்பதில்லை. ஆனாலும் பிற்பாடு தற்கொலை ஆபத்து அவர்களுக்கு அதிகம். ஆகவே பொய் சொல்லிக் கட்டு மட்டும் போட்டுக்கொண்டு வந்தது இரட்டைத் தவறு.

கீழே இறங்கும் முன் மேலேயே பார்த்திருக்கலாம் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. டிபிடி அங்கே கிடைக்காவிட்டாலும் முதல் மதிப்பீடு, மருந்து, வேறிடத்துக்கு அனுப்பும் பரிந்துரைக் கடிதம் எல்லாம் கிடைக்கும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416; இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் 108.

ஒருவழியாக வாராந்திரச் சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் அமைதியாகப் போனதும் "சரியாயிடுச்சே, எதுக்கு இன்னும்?" என்று நிறுத்தப் பார்த்தேன். அவள்தான் விடவில்லை. இப்போது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, சிக்னல் கிடைக்கும் மாடிப்படித் திருப்பத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் யாரும் மாடிக்குப் போவதில்லை.