கை தசை இறுகுறத காட்டுற பட்டை, வீட்லயே செய்யலாம்

முஷ்டிய நல்லா இறுக்கிட்டு, இன்னொரு கையால முழங்கைக்கு ஒரு நாலு விரல் கீழ உள்பக்கமா தொட்டுப் பாருங்க, சதை புடைச்சு உங்க விரலத் தள்ளும். அந்தத் தள்ளலத்தான் இப்ப அளக்கப் போறோம். வழக்கமான ஈஎம்ஜி முறைன்னா (தசை இறுகுறப்ப வர்ற மின் சிக்னல அளக்குறது) தோல்ல எலக்ட்ரோடு ஒட்டணும், ரொம்ப சின்ன சிக்னல், அதுக்கு ஆம்ப்ளிஃபையர் வேணும், போதாக்குறைக்கு வீட்டு கரண்டோட 50 ஹெர்ட்ஸ் நாய்ஸ் வேற வந்து ஒட்டிக்கும். இதுல அந்தத் தொல்லை எதுவும் இல்ல, சட்டைக்கு மேல கட்டினா கூட ஓரளவு வேலை செய்யும்.

வேண்டியது எஃப்எஸ்ஆர் 402 சென்சார் (அழுத்தினா ரெசிஸ்டன்ஸ் மாறுற தட்டையான சென்சார்) ஒண்ணு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏத்துற சின்ன போர்டு), வெல்க்ரோ பட்டை. சென்சாரோட ஒரு கால் 5 வோல்ட்டுக்கு, இன்னொரு கால் ஆர்டுயினோவோட ஏ0 பின்னுக்கு, அதே ஏ0-ல இருந்து ரெசிஸ்டர் வழியா கிரவுண்டுக்கு, அவ்ளோதான் வயரிங். சும்மா இருக்கப்ப சென்சாரோட ரெசிஸ்டன்ஸ் மெகா ஓம்ல இருக்கும், அழுத்த அழுத்த குறையும், அதுவும் 10 கிலோ ஓமுக்கு வந்துச்சுன்னா ஆர்டுயினோ காட்டுற ரீடிங் (0-ல இருந்து 1023 வரை) பாதி, 512 கிட்ட வரும். சென்சார் கால்ல நேரா சால்டர் வெக்காதீங்க, பிளாஸ்டிக் உருகிடும் (நான் ஒண்ண அப்படித்தான் காலி பண்ணேன்), பிரெட்போர்டுல சொருகிக்கங்க.

இனிமேதான் முக்கியமான விஷயம். சென்சார வெறுமனே பட்டைக்கு அடியில வெச்சா ரீடிங் பெரிசா அசையாது, ஏன்னா சதை மெத்துனு இருக்கு, அழுத்தம் ஒரு இடத்துல குவியாது. அதனால சென்சாரோட வட்டத்த விட கொஞ்சம் சின்னதா ஒரு ரப்பர் குமிழ் வெட்டி வட்டத்துக்கு நடுவுல ஒட்டுங்க, லேப்டாப் அடியில இருக்குற ரப்பர் கால் மாதிரி ஏதாவது போதும், குமிழ் தோல் பக்கமா இருக்கணும். சென்சாருக்குப் பின்னாடி கெட்டியா ஒரு அட்டை வைங்க, இல்லாட்டி பட்டையோட சேர்ந்து அதுவும் வளைஞ்சு பொய் ரீடிங் தரும்.

பட்டைய எவ்ளோ இறுக்கறதுன்னா, கை தளர்வா இருக்கப்பவே கொஞ்சம் ரீடிங் வரணும், ஆனா விரல் மரத்துப் போகக் கூடாது, போச்சுன்னா உடனே தளர்த்திடுங்க.

கோடு (ஆர்டுயினோவுக்கு எழுதுற புரோகிராம்) பக்கம் பெரிசா ஒண்ணும் இல்ல. செகண்டுக்கு 50 தடவ படிச்சு கடைசி 5 ரீடிங்குக்கு சராசரி எடுங்க. தளர்வுல 300, முழு இறுக்கத்துல 600 வருதுன்னு வைங்க, 480 தாண்டினா போர்டுல இருக்குற எல்இடி ஆன், 420-க்குக் கீழ போனா ஆஃப்னு ரெண்டு எல்லை வைங்க, ஒரே எல்லை வெச்சா எல்இடி படபடன்னு மின்னிக்கிட்டே கெடக்கும். இந்த நம்பர் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே ஒவ்வொரு தடவ கட்டுறப்பவும் மாறும், அதனால ஆன் பண்ண உடனே 3 செகண்ட் தளர்வு, 3 செகண்ட் இறுக்கம்னு எடுத்து எல்லைய கோடே கணக்கு பண்ற மாதிரி எழுதிடுங்க.

முழங்கைய மடக்கினாலோ கைய மேசைல ஊனினாலோ தசை இறுகாமலே ரீடிங் ஏறும். வெளிப்பக்க தசை மேல ரெண்டாவது சென்சார் ஒண்ணு வெச்சு ரெண்டையும் ஒப்பிட்டா இத ஓரளவு வடிகட்டிடலாம்.