பின்னக் கணக்கில் எந்தக் கணிதச் செயல்?

பின்ன வாக்கியக் கணக்குகளில் பல பிழைகள், எண்ணுக்குப் பின் வருவது அலகா, ‘பங்கு’ என்ற சொல்லா என்று பாராமல் விடுவதால் நேர்கின்றன.

‘3/4 லிட்டர் பாலில் 1/3 லிட்டரைப் பயன்படுத்தினால் மீதி எவ்வளவு?’ என்றால், இரண்டும் லிட்டர் அளவுகள் என்பதால், பகுதியை (கீழே உள்ள எண்ணை) சமமாக்கி 9/12 − 4/12 எனக் கழிக்க 5/12 லிட்டர் கிடைக்கும். ‘பாலில் 1/3 பங்கைப் பயன்படுத்தினால்’ என்றால் கதையே வேறு; அங்கே 1/3 என்பது அந்த முக்கால் லிட்டரின் பங்காகையால், முதலில் 3/4 × 1/3 = 1/4 லிட்டர் எனப் பெருக்கி, பிறகு கழித்து, மீதி 1/2 லிட்டர் எனக் காண வேண்டும்.

அதே பாலை 1/8 லிட்டர் கொள்ளும் தம்ளர்களில் ஊற்றினால் எத்தனை தம்ளர் நிரம்பும் என்பது வகுத்தல்: 3/4 ÷ 1/8 = 6. விடை பெரிதாக வருவதைக் கண்டு மாணவர்கள் தயங்க வேண்டியதில்லை. 1-ஐ விடச் சிறிய எண்ணால் வகுத்தால் ஈவு பெருகத்தான் செய்யும்.

மிகவும் ஏமாற்றுவது, பங்கைக் கொடுத்து முழுமையைக் கேட்கும் கணக்கு. ‘சம்பளத்தில் 2/5 பங்கு 6,000 ரூபாய், சம்பளம் எவ்வளவு?’ என்றதும் ‘பங்கு’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பெருக்கினால் 2,400 ரூபாய் வரும். பங்கை விட முழுமை சிறிதாக இருக்க முடியாது; ஆகவே 6,000 ÷ 2/5 = 15,000 ரூபாய் என வகுப்பதே சரி.