ஒரே ஒரு ஆட்டம் ஆடியவரின் வரலாற்றை எழுதுவது எப்படி?

பள்ளிச் சுவரிதழுக்கோ விளையாட்டு விழா மலருக்கோ பழங்கால ரக்பி ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னால், ஆளைத் தேர்ந்தெடுத்தவுடனே பாதி வேலை முடிந்துவிடும். ராமநாதபுரம் கரையோரப் பிள்ளைகளுக்கு ஆல்ஃபிரட் க்ளூனிஸ்-ராஸ் பொருத்தமானவர். ஜாவாவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,000 கி.மீ. தள்ளியிருக்கும் கோகோஸ் தீவுக் குடும்பம். அம்மா மலாய்ப் பெண், அப்பா ஸ்காட்லாந்து வம்சாவளி. தென்னந்தோப்பும் கொப்பரை ஏற்றுமதியும்தான் பிழைப்பு. கடல் கடந்த வியாபாரக் கதைகளைக் கேட்டு வளர்ந்த கீழக்கரைப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1871 மார்ச் 27 அன்று எடின்பரோ ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் நடந்த முதல் சர்வதேச ரக்பி ஆட்டத்தில் இவர் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்துக்காக ஆடினார். அப்போது செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக அணிக்காரர். சர்வதேச ரக்பியில் வெள்ளையரல்லாத மரபில் வந்த முதல் ஆட்டக்காரர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். சர்வதேச ஆட்டம் அந்த ஒன்றோடு சரி.

சிக்கலும் அங்கேதான். பக்கத்தை நிரப்ப ‘புயலாய்ப் பாய்ந்தார்’, ‘எதிரணியைத் திணறடித்தார்’ என்று கை தானாகவே எழுதத் தொடங்கும். அன்று ஸ்காட்லாந்துக்கு ட்ரை (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) வைத்தவர்கள் ஆங்கஸ் பியூகானனும் வில்லியம் கிராஸும். கோல் (கம்பங்களுக்கு இடையே குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்தை அனுப்புவது) உதைத்தது கிராஸ். ஆல்ஃபிரட் கணக்கில் எதையும் ஏற்றாதீர்கள். ஆளைப் பற்றிய செய்தி குறைவென்றால் ஆட்டத்தை விரித்து எழுதலாம், அதற்கு வேண்டிய சரக்கு தாராளமாக இருக்கிறது.

எழுதும் முன் அந்த மைதானத்தை மணலில் போட்டுப் பாருங்கள். நீளம் 120 கஜம், அகலம் 55 கஜம். அதாவது சுமார் 110 மீட்டருக்கு 50 மீட்டர். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் சேறு காலை வாங்கும், ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்து மணல் தோதானது. அரிச்சல்முனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், அங்கே நீரோட்டம் பொல்லாதது. பழைய கரைவலைக் கயிற்றில் பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் அளப்பது சுலபம். நனைந்த கயிறு நீளம் மாறும், ஆகவே காய்ந்த கயிறாக எடுங்கள். நான்கு மூலையிலும் குச்சி நட்டு, பக்கத்துக்கு 20 பேராக 40 பேரை உள்ளே நிறுத்துங்கள். ஆளுக்கு 137 சதுர மீட்டர்தான் வரும். இன்று 100க்கு 70 மீட்டர் மைதானத்தில் 30 பேர் ஆடும்போது ஆளுக்கு 233 கிடைக்கிறது.

நின்று பார்த்தவுடனே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்: ஓடவே வழியில்லை. இரு பக்கமும் பெரும்பாலோர் முன்வரிசையில் நின்று, பந்தைச் சுற்றி முண்டி, காலால் தள்ளிக்கொண்டு போவதுதான் ஆட்டம். பந்தைக் கைமாற்றி ஓடும் இன்றைய ரக்பியை மனத்தில் வைத்து எழுதினால் வர்ணனை முழுக்கப் பொய்யாகும். முட்டிமோத விடாதீர்கள், நடந்து காட்டினால் போதும். நேரத்தையும் சொல்லுங்கள்: பாதிக்கு 50 நிமிடம்.

அடுத்து ஸ்கோர். பலரும் வழுக்கி விழுவது இதில்தான். ஸ்காட்லாந்து 1 கோல் (உதை பலித்த ட்ரை), உதை பலிக்காத 1 ட்ரை. இங்கிலாந்து 1 ட்ரை. இன்றைய கணக்கில் கூட்டி 12–5 என்று போட்டுவிடுகிறார்கள், அது தப்பு. அப்போது ட்ரைக்குத் தனி மதிப்பு கிடையாது. கோலை நோக்கி உதைக்கும் உரிமை மட்டும் கிடைக்கும். உதை தவறினால் வெற்றிக் கணக்கில் சேராது. இங்கிலாந்தின் ரெஜ் பர்கெட் வைத்த ட்ரை வீணானது அப்படித்தான். புள்ளிக் கணக்கு வந்ததே பிற்பாடுதான். ஆகவே ‘ஸ்காட்லாந்து ஒரு கோல் கணக்கில் வென்றது’ என்று எழுதினால் போதும். முதல் ட்ரையை ஆங்கில அணி மறுத்து வாதாடியது, நடுவர் எச்.எச். ஆல்மண்ட் அதை ஏற்றுக்கொண்டார். சர்ச்சை இல்லாத ஆட்டம் யாருக்கு ருசிக்கும்? இதற்கு நாலு வரி ஒதுக்கலாம்.

பெயர்க் குழப்பம் தனி ரகம். இந்தக் குடும்பத்தில் முதலில் தீவில் குடியேறியவர் ஜான், அவர் மகன் ஜான் ஜார்ஜ், அதற்கடுத்த தலைமுறையில் ஒரு ஜார்ஜ். நம் ஆள் ஆல்ஃபிரட், ஜான் ஜார்ஜின் மகன். எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்று தலைமுறைக் கிளை வரைந்துவிடுங்கள். தேடும்போது ‘க்ளூனிஸ்’ இல்லாமல் வெறும் ‘ராஸ்’ என்றும் தேடிப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்கு ஆடினார் என்பதற்காக அங்கே பிறந்தவர் என்று எழுதிவிடாதீர்கள். பிறந்த ஆண்டு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வந்தால் நடுவாக ஒன்றை நீங்களே போடவேண்டாம், இரண்டையும் போடுங்கள்.

குடும்பத்தைப் புகழ்ந்து தள்ளவும் வேண்டாம். தோப்பில் உழைத்த மலாய்க்காரர்களுக்குத் தோட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் காசில் கூலி கொடுத்த குடும்பம் அது. அதையும் ஒரு வரி சொன்னால்தான் வரலாறு.

அளவு: ஒரு சார்ட்டுக்கு 300 சொல் தாராளம். ஆட்டத்துக்குப் பாதி, தீவுக்கும் குடும்பத்துக்கும் கால், மீதி அவருக்கு. மைதானப் படத்தை 1 செ.மீ.க்கு 5 மீட்டர் என்ற கணக்கில் வரைந்தால் 22 செ.மீ.க்கு 10 செ.மீ. வரும், ஓரத்தில் அடங்கிவிடும். மைதா பசை வேண்டாம். கடல்காற்று ஈரத்தில் பூஞ்சை பூத்து எழுத்து ஊறிவிடும். குண்டூசியால் குத்துவதானால் வாரம் ஒருமுறை மாற்றுங்கள், துரு இறங்கிவிடும்.