கமராவைச் செருகியதும் படம் தானாக இறங்க: லினக்ஸில் செய்யும் முறை

கொழும்பு ஆடிவேல் ரதத்தோடு செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடந்து எடுத்த ஆயிரம் படத்தையும் கையால் இழுத்துப் போட வேண்டியதில்லை. ஒருமுறை அமைத்துவிட்டால் வயரைச் செருகுவதே போதும்.

முதலில் வயரைப் பாருங்கள். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் சில யூஎஸ்பி வயர்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே, டேட்டா போகாது. கமராவை ஓன் செய்து செருகியபின் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை ஓட்டுங்கள். செருகியிருக்கும் யூஎஸ்பி கருவிகளை அது பட்டியலிடும். பட்டியலில் கமராவின் பெயர் வராவிட்டால் லினக்ஸைக் குறை சொல்லாமல் வயரை மாற்றுங்கள்.

கல்யாணம், பிறந்தநாள் என எப்போதாவது படமெடுப்பவருக்குப் படங்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் ஷொட்வெல் மென்பொருள் தாராளம். லினக்ஸின் டெஸ்க்டொப் சூழல்களில் ஒன்றான குனோமின் செட்டிங்ஸில் ரிமூவபிள் மீடியா பகுதிக்குப் போய், போட்டோஸ் என்ற இடத்தில் ஷொட்வெல்லைத் தேர்ந்தால் கமரா வந்ததும் அதுவே திறக்கும். இறக்குமதி பொத்தானை மட்டும் நீங்கள் அழுத்த வேண்டும். ஏற்கெனவே இறக்கிய படத்தை அது மறுபடி எடுக்காது.

அந்த ஒரு அழுத்தலும் வேண்டாம் என்றால், கட்டளை மூலம் கமராவிலிருந்து படம் இறக்கும் ஜிபோட்டோ2-ஐ நிறுவுங்கள். எல்எஸ்யூஎஸ்பி வரியில் கமராவின் அடையாள எண் இரண்டு பகுதியாக வரும்: முன்னது தயாரிப்பாளர், பின்னது மொடல். இவ்விரண்டையும் வைத்து, ஈடிசி கோப்புறையில் யூடெவ்வுக்குரிய ரூல்ஸ்.டி-க்குள் ஒரு விதி எழுதவேண்டும். கருவி செருகப்பட்டதைக் கவனித்து, விதியில் சொன்னதைச் செய்யும் லினக்ஸ் பகுதிதான் யூடெவ். படம் இறக்கும் வேலையை அந்த விதிக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். யூடெவ் நீண்ட நேரம் ஓடும் வேலையை இடையில் வெட்டிவிடும். படங்களும் ரூட் எனும் நிர்வாகிக் கணக்கின் பெயரில் சேர்ந்து, பிறகு உங்களால் திருத்த முடியாமல் போகும். பின்னணி வேலைகளை (சேர்விஸ்) நடத்துவது சிஸ்டம்டி. விதியில் அதன் டேக்கைச் சேர்த்து, சிஸ்டம்டி யூசர் வோண்ட்ஸ் மூலம் உங்கள் பெயரில் ஓடும் சேர்விஸைக் கூப்பிடுங்கள். ஜிபோட்டோ2-ஐ ஓட்டுவது அந்த சேர்விஸின் வேலை.

பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். கமராவைக் கண்டதும் குனோம் அதைத் தானே இணைத்து (மவுண்ட் செய்து) பிடித்துக்கொள்ளும். ஜிபோட்டோ2 போய்க் கேட்டால் கருவியைக் கைப்பற்ற முடியவில்லை என்று பிழை காட்டும். சேர்விஸின் தொடக்கத்தில் ஐந்து விநாடி காத்திருந்து, ஜியோ மவுண்ட் கட்டளையால் ஜிபோட்டோ2 வகை மவுண்டைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். இப்படித் தானாக இணைக்கும் குனோமின் ஓட்டோமவுண்டை ஒரேயடியாக நிறுத்துவதும் ஒரு வழிதான், ஆனால் பென் டிரைவும் தானாகத் திறக்காது.

பெயர் விஷயத்தில் கூடிய கவனம் வேண்டும். கமரா 9999 வரை எண்ணி மீண்டும் 0001-க்கு வரும். ஜிபோட்டோ2-இல் உள்ள, இருப்பதைத் தவிர் என்ற தெரிவை மட்டும் நம்பினால், பழைய 0001 கணினியில் இருப்பதால் புதிய 0001 இறங்காது. பிழைச் செய்தி வராததால் உங்களுக்கும் தெரியாது. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி வரட்டும். கடைசியில் கமரா இட்ட பெயரும் இருக்கட்டும். தொடர்ச்சியாகச் சுட்ட பல படங்களுக்கு ஒரே விநாடிதான் இருக்கும். கமராவின் கடிகாரத்தையும் சரிபாருங்கள். பற்றரியைப் பல நாள் கழற்றி வைத்தால் திகதி பின்னுக்குப் போய்விடும்.

இறக்கியதும் கார்டிலிருந்து அழிக்கும் கட்டளையைச் சேர்விஸில் சேர்க்கவே வேண்டாம். பாதியில் கரண்ட் போனாலோ கமரா தானே ஓஃப் ஆனாலோ கார்டில் உள்ளதுதான் உங்களிடம் மிஞ்சும் ஒரே பிரதி. இறக்கி முடித்து, இன்னொரு டிஸ்கிலும் நகல் எடுத்தபின் கமராவிலேயே போர்மட் செய்யுங்கள்.