பணியால் வந்த நோய்க்கு இழப்பீடு: கலிஃபோர்னியா தீயணைப்பு வீரர் செய்ய வேண்டியவை

ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்த தீயணைப்பு வீரரிடம், அது பணியில்தான் நேர்ந்ததா என்று எவரும் வாதிடுவதில்லை. பல்லாண்டுகள் புகைக்கு நடுவே உழைத்துச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கண்டவரோ, எந்தத் தீயில் எந்த நஞ்சு தம் உடலில் புகுந்தது என்று காட்டவே முடியாது. இந்த அநீதியைக் களையத்தான் கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 3212.1ஆம் பிரிவு, பணிக்காலத்தில் புற்றுக் காரணி ஒன்றுக்கு ஆட்பட்டதை வீரர் காட்டிவிட்டால், அவருக்கு வந்த புற்றுநோய் பணியால் வந்தது என்றே அனுமானிக்கச் சொல்கிறது. நோய் முதலில் தோன்றிய உறுப்பு இன்னதென நிறுவி, அதற்கும் அந்தக் காரணிக்கும் நியாயமான தொடர்பில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை பணியமர்த்தியவரைச் சேர்கிறது. இதய நோய், நிமோனியா, காசநோய், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு ஆகியவற்றுக்கும் இத்தகைய பிரிவுகள் உள்ளன.

அனுமானம் தானாக வந்து சேராது. ஆட்பட்டதற்கான சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் பிரிவில் வைத்தது பெரும் துணைதான். ஆயினும் நீங்கள் சென்ற தீ விபத்துகளின் அறிக்கைகள், எரிந்த பொருள்கள், சுவாசக் கருவியின்றி இடிபாடுகளைக் கிளறிய நேரங்கள், நிலையத்தில் சூழ்ந்த டீசல் புகை ஆகியவற்றை நோய் வருமுன்பே குறித்து, அதன் நகலை வீட்டில் வைத்திருப்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

நோய் பணியோடு தொடர்புடையது என்று அறிந்ததும் 30 நாள்களுக்குள் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த ஒரு வேலை நாளுக்குள் பணியமர்த்தியவர் டிடபிள்யூசி-1 என்னும் கோரிக்கைப் படிவத்தைத் தர வேண்டும். அதில் "புற்றுநோய்" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எவற்றுக்கு ஆட்பட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

படிவம் சேர்ந்த பிறகு, முடிவு வரும்வரை 10,000 டாலர் வரையிலான சிகிச்சைச் செலவைப் பணியமர்த்தியவர் ஏற்க வேண்டும். பொதுவான கோரிக்கைகளை விசாரிக்க 90 நாள் அவகாசம் உண்டு. சட்ட அனுமானத்துக்கு உட்பட்ட இத்தகைய நோய்களுக்கு அது 2023 முதல் 75 நாளாகக் குறைக்கப்பட்டது. அதற்குள் மறுக்கப்படாவிட்டால், அந்த நோய் இழப்பீட்டுக்கு உரியது என்றே கொள்ளப்படும். ஆகவே நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள். பணிக்குச் செல்ல இயலாத காலத்தில், தொழிலாளர் சட்டத்தின் 4850ஆம் பிரிவுக்கு உட்பட்ட வீரர்களுக்கு ஓராண்டு வரை முழு ஊதியம் கிடைக்கும்.

ஓய்வு பெற்றவர்கள் தமக்கு உரிமை இல்லையென்று ஒதுங்கிவிடுவது மிகவும் வருத்தத்துக்குரியது. முழுதாகப் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று மாதம் என்ற கணக்கில், கடைசியாகப் பணி செய்த நாளிலிருந்து அதிகபட்சம் 120 மாதங்கள் வரை புற்றுநோய்க்கான அனுமானம் தொடர்கிறது. 20 ஆண்டு பணியாற்றியவருக்கு அது 60 மாதங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் அதை இறுதித் தீர்ப்பாக எண்ண வேண்டாம். தொழிலாளர் இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்தில் வழக்கு விண்ணப்பம் தாக்கல் செய்யலாம். பொதுவாக அதற்கு ஓராண்டுக் காலவரம்பு இருப்பதால் காத்திருக்கக் கூடாது. வாரிய அலுவலகங்களில் தகவல் உதவி அலுவலர்கள் கட்டணமின்றி வழிகாட்டுவார்கள். வழக்கறிஞரை அமர்த்தினால், அவருடைய கட்டணத்துக்கு நீதிபதியின் ஒப்புதல் தேவை. வழக்கமாக அது கிடைக்கும் இழப்பீட்டிலிருந்தே கழிக்கப்படுவதால், கையில் பணமில்லை என்பதற்காக எவரும் வழக்கைக் கைவிட வேண்டியதில்லை.