மனசு சரியில்லையா? எது சரியில்லை என்று கண்டுபிடிப்பது எப்படி

யார் என்ன கேட்டாலும் நம்மிடம் ஒரே பதில்தான்: மனசு சரியில்லை. துக்கம், அவமானம், பயம் எல்லாமே அந்த ஒரு மூட்டைக்குள். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வைத்து, உணர்ச்சிகளை நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவாக உணர்வது), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணமும் சொல்லியிருக்கிறார். அவர் செய்யுளுக்குச் சொன்னதை நான் என் மனசுக்கு வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள், யோசிக்க வேண்டாம். மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் தெரிவதால்தான் அது மெய்ப்பாடு. தொண்டை அடைக்கிறதா, பல் நெறுநெறுக்கிறதா, வயிறு கலங்குகிறதா? அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்.

அப்புறம் காரணத்துக்கு வாருங்கள். கோபம் என்று தோன்றினால் அங்கேதான் நிறைய நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் நாம் அதிகம் ஏமாறுவது அதில்தான். வெகுளிக்கு அவர் சொல்லும் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அதாவது உறுப்பைச் சிதைப்பது, குடும்பத்துக்குக் கேடு செய்வது, வைதோ அடித்தோ அலைக்கழிப்பது, கொல்வது. நான்குமே உண்மையில் ஒருவர் இழைத்த கொடுமை. உங்கள் கோபத்துக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லையென்றால் அழுகையின் நான்கையும் பாருங்கள்: பிறர் இகழ்ந்ததால் வரும் இளிவு, உறவையோ பொருளையோ இழந்த இழவு, முன்பிருந்த நிலை கெட்டுப்போன அசைவு, வறுமை. என் அனுபவத்தில் பாதிக் கோபம் இங்கேதான் வந்து சேர்கிறது.

அப்பா போய் ஆறு மாதம் கழித்து, அவருடைய சைக்கிளைத் தம்பி பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டான். போனில் கத்தித் தீர்த்துவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து எழுதும்போதுதான் கவனித்தேன், தொண்டைதான் அடைத்திருந்தது, கை கொஞ்சம்கூட முறுக்கேறவில்லை. தம்பி எனக்கு எந்தக் கொடுமையும் செய்யவில்லை. அது இழவு.

அச்சத்துக்கும் இதே வழிதான். அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை என்ற நான்கில் இன்று நம்மை அதிகம் பிடித்து வைத்திருப்பது கடைசியில் வரும் இறை, நமக்கு மேலே அதிகாரம் உள்ளவர். நல்ல உணர்ச்சிகளையும் விடாதீர்கள்: வியப்பான மருட்கைக்குப் பெருமை மட்டுமல்ல, சிறுமையும் காரணம் என்கிறார், எறும்பைப் பார்த்து அசந்துபோகும் குழந்தைக்கு இது நன்றாகவே தெரியும்.

பெயர் கிடைத்ததும், சம்பந்தப்பட்டவரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே பேசிப் பாருங்கள். மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு, "உன்மேல கோபமில்லடா, அப்பா ஞாபகம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மணியை மட்டும் கழட்டி வச்சிருக்கேண்ணா" என்றான்.