பேலியோவில் கறியைக் குறைப்பது எப்படி: மூட்டுவலிக்காரர்களுக்கு

பேலியோவில், அதாவது மாவுச்சத்தைக் குறைத்துக் கறி, முட்டை, கொழுப்பைக் கூட்டும் உணவுமுறையில், இருப்பவர் கறியைக் குறைத்தால் தட்டில் ஒரு பள்ளம் விழும். அதை எது நிரப்புகிறது என்பதில்தான் சூட்சுமம். சோறும் சுண்டலும் நிரப்பினால் மாவுச்சத்து பழைய அளவுக்கே ஏறிவிடும். எதுவும் நிரப்பாவிட்டால் புரதம் போதாமல் தொடைத் தசை இளைக்கும். தாங்க ஆளில்லாத முழங்கால் முன்பைவிட அதிகம் வலிக்கும். "கறியை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்பவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றில் விழுந்தவர்கள்.

எந்த வலிக்கு இது உதவும்

கறியைக் குறைத்தால் பலன் தெளிவாகத் தெரிவது கௌட் எனப்படும் யூரிக் அமில வாதத்தில். 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. கறியும் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கௌட் அதிகம் வந்தது, பால் பொருள் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாக வந்தது. பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) உள்ள காய்கறிகளால் ஆபத்து கூடவில்லை. ஆகவே யூரிக் அமிலம் இருக்கிறது என்பதற்காகக் காளானுக்கும் காலிஃபிளவருக்கும் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஈரல், சுவரொட்டி, நெத்திலி, மத்தி ஆகியவற்றுக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும்.

மூட்டுத் தேய்மானத்தில் இரண்டு சின்ன ஆய்வுகள் உண்டு. 2015-ல் வந்த ஒன்றில் 6 வாரம் கறி, பால், முட்டை எதுவும் இல்லாத தாவர உணவு கொடுத்தார்கள். 2020-ல் வந்த இன்னொன்றில் முழங்கால் தேய்ந்த 65 முதல் 75 வயதுக்காரர்களுக்கு 12 வாரம் குறைமாவு (மாவுச்சத்து குறைந்த) உணவு. இரண்டிலும் வலி குறைந்தது. இரண்டையும் ஒரே தட்டில் சேர்க்க முடியும் என்பதை டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2009-ல் காட்டியது. அவர்களின் ஈக்கோ-அட்கின்ஸ் உணவில் மாவுச்சத்து நாளுக்குச் சுமார் 130 கிராம். புரதம் கறியிலிருந்து அல்ல, சோயா, கொட்டைகள், கோதுமைப் புரதம் ஆகியவற்றிலிருந்து. அவர்கள் பார்த்தது எடையையும் கொழுப்பையும்தான், வலியை அல்ல. 4 வாரத்தில் எடை ஏறத்தாழ 4 கிலோ குறைந்தது, கெட்ட கொழுப்பான எல்டிஎல்லும் இறங்கியது. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறையும் என்பதால், எடைக் கணக்கும் வலிக் கணக்குதான்.

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிற வலி உணவால் சரியாகாது. காய்ச்சலோடு ஒரே மூட்டு சூடாக வீங்கினாலும், முதுகுவலியோடு கால் பலவீனமானாலும், சிறுநீர் கட்டுப்பாடு போனாலும் சமையலறையில் நிற்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தொடங்குமுன்

யூரிக் அமிலம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), பி12, வைட்டமின் டி, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு அளவுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பி12-ஐ விடாதீர்கள்: அது குறைந்தாலே பாதம் எரியும், மரத்துப்போகும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு அது குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மருந்து விஷயத்தில் விளையாட்டு கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிப்ரைடோ எடுப்பவர் மாவைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கும். அளவை மருத்துவர் முன்கூட்டியே மாற்ற வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர் கடுமையான குறைமாவுக்குப் போனால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட்டை, வலி குறைந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்து ஒரு நோட்டு. 2 வாரம் எதையும் மாற்றாமல் தினம் மூன்று எண்களை எழுதுங்கள்: 0-விலிருந்து 10-க்குள் வலி எவ்வளவு, காலையில் மூட்டு இறுக்கம் எத்தனை நிமிடம் நீடித்தது, வலி மாத்திரை எத்தனை போட்டீர்கள். இந்த 2 வாரம் இல்லாமல் தொடங்கினால் பிறகு எதோடு ஒப்பிடுவீர்கள்? ஞாபகம் என்பது அன்றைய வலியைப் பொறுத்து மாறும்.

தட்டுக் கணக்கு

70 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 70 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கறி இல்லாத ஒரு நாள் இப்படி அமையும்: 3 முட்டையில் 18 கிராம், 100 கிராம் பனீரில் 18, ஒரு துண்டு மீனில் (100 கிராம்) 20, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையில் (30 கிராம்) 7, ஒரு கிண்ணம் தயிரில் 5, காயும் கீரையுமாக 400 கிராமில் ஏறத்தாழ 8. மொத்தம் 76. இதோடு 30 கிராம் தேங்காய் சேர்த்தால் மாவுச்சத்து 45 கிராம் பக்கம் வரும்.

மீன் வேண்டாதவர்கள் அந்த இடத்தில் 40 கிராம் மீல் மேக்கர் (சோயா உருண்டை) வைக்கலாம். புரதம் அதே 20, மாவுச்சத்து 13 கூடும். அதிலும் 5 கிராம் நார்ச்சத்து. தைராய்டு மாத்திரை போடுபவர் அதற்கும் சோயாவுக்கும் 4 மணி நேர இடைவெளி விட வேண்டும்.

சிலர் மாவுச்சத்து 20 கிராமைத் தாண்டவே கூடாது என்று பிடிவாதமாக இருப்பார்கள். அந்த வரம்புக்குள் கறியைக் குறைப்பது பெரும் பாடு. பனீரும் முட்டையும் மட்டுமே மிஞ்சும், பத்தாம் நாள் அலுத்துவிடும். 80 முதல் 100 கிராம் வரை தளர்த்திக்கொண்டால் நிலக்கடலை, மீல் மேக்கர், வாரம் இருமுறை அரைக் கிண்ணம் சுண்டல் எல்லாம் உள்ளே வந்துவிடும். எடையைக் குறைப்பதும் அதை நிலையாக வைத்திருப்பதும்தான் நோக்கம் என்றால் இது போதும்.

எதை முதலில் குறைப்பது

முதல் வாரம் ஈரல், சுவரொட்டி, சாசேஜ், ஆட்டுக்கால் சூப். சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை: கறியை வேகவைத்தால் பியூரின் தண்ணீரில் இறங்கிவிடும். கௌட்டால் கால் கட்டைவிரல் வீங்கியவர் மூட்டுக்கு நல்லது என்று குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் இரவுக் கறியை மட்டும் எடுங்கள். முட்டையோ பனீரோ அந்த இடத்துக்கு வரட்டும். வீட்டில் யாருக்கும் இது பெரிதாகத் தெரியாது. நான்காம் வாரம் வார நாட்களின் மதிய சிக்கனை மீனுக்கும் மீல் மேக்கருக்கும் மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டனைக் கடைசிவரை தொடாதீர்கள். அது வீட்டு வழக்கம். முதல் நாளே அதில் கை வைத்தால் வீடே எதிர்க்கட்சி ஆகிவிடும். அளவை மட்டும் 300 கிராமிலிருந்து 100-க்கு இறக்கி, குழம்பில் கத்திரிக்காய், முள்ளங்கி, சுரைக்காய் போடுங்கள். கறிக்குழம்பில் காய் போடுவது ஒன்றும் புதிதல்ல.

சமையலில் கவனிக்க வேண்டியவை

மீல் மேக்கர் பிடிக்காதவர்களில் பாதிப் பேருக்கு அதைச் சரியாகக் கழுவிக் கொடுக்கவில்லை. 40 கிராமை உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். ஆறியதும் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் அழுத்திப் பிழிந்தால் மங்கலான மஞ்சள் நீர் வரும். பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடி பிழியுங்கள். நீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை. பச்சை வாடையும், வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். பிழிந்தபின் இஞ்சிபூண்டு விழுது, மிளகாய்த்தூள், தயிரில் அரைமணி நேரம். பிழியாமல் மசாலா போட்டால் உள்ளே தண்ணீர் இருப்பதால் ஒன்றும் ஏறாது.

பனீரை வீட்டில் செய்வது லேசு. ஆரஞ்சு பாக்கெட் (முழுக்கொழுப்பு) பால் 1 லிட்டர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். திரிந்து பச்சை கலந்த நீர் பிரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் பனீர் ரப்பராகிவிடும். துணியில் வடித்து அரைமணி பாரம் வைத்தால் 180 முதல் 200 கிராம் கிடைக்கும். வடித்த நீரைக் குழம்பில் ஊற்றாதீர்கள், பாலின் சர்க்கரை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. கடைப் பனீர் மேல் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் வேகவைத்து ஆறவிட்டு, டிங்சர் அயோடின் இரண்டு துளி விடுங்கள். நீலமாக மாறினால் உள்ளே ஸ்டார்ச்.

காலிஃபிளவர் சாதம் குழைவதற்குக் காரணம் மூடி. 400 கிராம் பூவை முழுதாகக் கழுவி, ஈரம் உலர்ந்தபின் துருவுங்கள். அகலமான கடாயில் 2 தேக்கரண்டி எண்ணெய், பெரிய தீ, 4 நிமிடம், மூடாமல். உப்பு இறக்கும்போதுதான், முதலிலேயே போட்டால் நீர் விட்டுவிடும்.

எண்ணெய் தனி விஷயம், கறியைவிட இது முக்கியமாகவும் இருக்கலாம். சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ 60 சதவீதம் லினோலிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு. 2021-ல் 182 ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் 16 வாரம் நடந்த ஆய்வில், லினோலிக் அமிலத்தைக் குறைத்து மீன் கொழுப்பைக் கூட்டியவர்களுக்குத் தலைவலி வரும் நாட்கள் குறைந்தன. கடலை எண்ணெயில் அது அதில் பாதிதான், தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு. சிக்கனை விட்டுவிட்டுக் கோபி 65-ஐச் சூரியகாந்தி எண்ணெயில் பொரித்துத் தின்றால் மாற்றியது என்ன?

கௌட் இல்லாதவர்களுக்கு வாரம் இருமுறை மத்தி (தெற்கே சாளை) நல்லது. வறுக்காமல் புளிக்குழம்பாக வையுங்கள். மீனே தொடாதவர்கள் ஆளி விதை 1 மேசைக்கரண்டியைப் பொடித்துச் சாப்பிடலாம். முழுசாக விழுங்கினால் முழுசாகவே வெளியே போகும். அதிலுள்ள ஒமேகா-3 உடலில் மீன் கொழுப்பாக மாறுவது கொஞ்சம்தான், அதனால் அதை மீனுக்கு ஈடாகக் கணக்கு வைக்காதீர்கள்.

எங்கே தவறும்

முதல் மாதம் கௌட் கிளம்புவதுண்டு. மாவு குறைந்து உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்கள் சிறுநீரகத்தில் யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. எடை வாரம் ஒரு கிலோவுக்கு மேல் குறைய விடாதீர்கள், பட்டினி இருக்காதீர்கள், தண்ணீர் இரண்டரை லிட்டருக்குக் குறையக் கூடாது. யூரிக் அமிலத்துக்கான அலோபுரினால், ஃபெபுக்சோஸ்டாட் மாத்திரைகள் தொடரட்டும்.

இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதை மூட்டுவலிக் கணக்கில் எழுதிவிடுவார்கள். குறைமாவில் உடல் உப்பையும் நீரையும் அதிகம் வெளியேற்றும். ரத்த அழுத்தம் இல்லாதவர் மோரில் உப்புப் போட்டுக் குடிக்கலாம். மெக்னீசியத்துக்கு 30 கிராம் பூசணி விதை.

மறைந்திருக்கும் மாவு சைவக் குழம்புகளில்தான் அதிகம். பனீர் பட்டர் மசாலாவின் முந்திரி விழுதும், காரக்குழம்பில் அள்ளிப்போடும் சின்ன வெங்காயமும் சேர்ந்து 20 கிராமைத் தாண்டிவிடும். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 40 கிராம். பாதாமும் தண்டுக்கீரை வகைகளும் ஆக்சலேட் மிகுந்தவை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இவற்றைத் தினம் தின்னாமல் முருங்கைக்காய், புடலங்காய், முட்டைக்கோஸ் பக்கம் போகலாம். முட்டையும் மீனும் இல்லாமல் முழுச் சைவமாகப் போகிறவர்களுக்கு பி12 மாத்திரை தேவைப்படும். சாப்பிட்டவுடன் டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், கீரையின் இரும்புச்சத்தை அது தடுக்கும்.

எட்டாம் வாரம்

நோட்டைத் திறந்து, முதல் 2 வாரச் சராசரியையும் கடைசி 2 வாரச் சராசரியையும் போடுங்கள். வலி எண் 2 குறைந்திருந்தாலோ மாத்திரை பாதியாகியிருந்தாலோ அது கணக்கில் கொள்ளத்தக்க மாற்றம். அரை எண், ஒரு எண் என்பது வெயிலுக்கும் தூக்கத்துக்கும்கூட மாறும்.

வலி குறைந்தது கறியைக் குறைத்ததாலா, எடை குறைந்ததாலா என்று தெரிய ஒரு வழி: ஒரே வாரம், எண்ணெய் உட்பட மற்ற எதையும் மாற்றாமல், பழைய அளவு கறியைத் திரும்பச் சேருங்கள். வலி ஏறினால் குறைத்தபடியே தொடருங்கள். ஏறாவிட்டால் உங்கள் வலிக்கும் கறிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. மட்டனைத் தாராளமாகத் திரும்பக் கொண்டுவரலாம், எடையில் மட்டும் கண் வையுங்கள். கௌட் இருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு நோட்டுப் போதாது, யூரிக் அமில அளவை மறுபடி பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.